மார்வென்ஸ்டோ: விக்டோரியா காலத்துக் கடலோர பாரிஷ் ஒன்றின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி?

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வாலின் வடகோடியில் டெவன் எல்லையை ஒட்டிய பாரிஷ் (ஒரு தேவாலயத்தின் ஆளுகைக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) மார்வென்ஸ்டோ. அதன் பெயரைச் சொன்னதும் உடைந்த கப்பல்களும் அங்கே குருவானவராக இருந்த ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கரும்தான் பேச்சில் வருவார்கள். அங்கிருந்து ஆரம்பித்தால் வயலில் உழைத்த குடும்பங்கள் கடைசிவரை கண்ணில் படமாட்டார்கள். நிலத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

விளைச்சலில் பத்தில் ஒரு பங்காகத் தேவாலயத்துக்குக் கொடுத்துவந்த தசமபாகத்தை 1836ஆம் ஆண்டுச் சட்டம் பணமாக மாற்றியது. அதற்காகத் தயாரான வரைபடமும் பட்டியலும்தான் அடித்தளம். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பட்டியல்கள் ஐஆர் 29 வரிசையிலும் வரைபடங்கள் ஐஆர் 30 வரிசையிலும் இருக்கின்றன. கார்ன்வால் ஆவணங்களுக்கு ரெட்ரூத்தில் உள்ள கிரெசென் கெர்னோ என்ற கார்ன்வால் ஆவணக் காப்பகத்தில் தேடுங்கள். பட்டியலில் உரிமையாளர், பயிர் செய்பவர், வயலின் எண், பெயர், உழுநிலமா மேய்ச்சலா, பரப்பு, கட்டவேண்டிய தொகை எல்லாம் இருக்கும். ஒவ்வொரு வயலையும் விரிதாளில் தனி வரியாக ஏற்றி, டோனகோம்ப், மார்ஸ்லாண்ட் என்று பண்ணை வாரியாகப் பிரியுங்கள்.

பரப்பு ஏக்கர், ரூட், பேர்ச் கணக்கில் இருக்கும். 40 பேர்ச் 1 ரூட், 4 ரூட் 1 ஏக்கர். சென்ட்டில் பழகியவர்களுக்கு 1 ரூட் என்பது 25 சென்ட். இலங்கை வாசகர்களுக்குப் பேர்ச் சொல்லித்தர வேண்டியதில்லை. இதைத் தசம எண்ணாக நினைத்துக் கூட்டினால் பண்ணைக் கணக்கே தவறிவிடும். பின்னாளில் வந்த, ஒரு மைலை 25 அங்குலமாகக் காட்டும் அரசு நில அளவை வரைபடத்தின் வயல் எண்கள் வேறு. எண்ணை நம்பாமல் வேலியின் வடிவத்தை வைத்துப் பொருத்துங்கள்.

அடுத்தது மக்கள்தொகைக் கணக்கு. 1841இல் 15 வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழிறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள்: 59 வயதுக்காரர் 55 ஆகிவிடுவார். பிறந்த ஊரும் இருக்காது, அதே கவுண்டியா (மாவட்டம் போன்ற பிரிவு) இல்லையா, ஸ்காட்லாந்தா அயர்லாந்தா வெளிநாடா என்பது மட்டும்தான். 1851இலிருந்து பிறந்த பாரிஷ், குடும்ப உறவு, பண்ணையின் ஏக்கர், வேலையாட்களின் எண்ணிக்கை எல்லாம் கிடைக்கும். அந்த ஏக்கர் தசமபாகப் பட்டியலோடு ஒத்துப்போகாவிட்டால் பதற வேண்டாம். பக்கத்து பாரிஷில் குத்தகைக்கு எடுத்த நிலமும் அதில் சேர்ந்திருக்கலாம்.

ஞானஸ்நானப் பதிவேட்டின் தேதியைப் பிறந்த தேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கார்ன்வாலில் இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து பிரிந்த மெதடிஸ்ட் குடும்பங்கள் ஏராளம். அவர்களுடைய வழிபாட்டு இடமான சேப்பலின் பதிவேடுகளையும் பார்க்காமல் பிறப்புக் கணக்கைப் போடக்கூடாது.

அடக்கப் பதிவேட்டில்தான் கடல் குறுக்கே வரும். கரை ஒதுங்கிய உடல்களை அந்தந்த பாரிஷே அடக்கம் செய்ய வேண்டும் என்று 1808ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 1842இல் உடைந்த கலிடோனியா கப்பலின் மாலுமிகள் மார்வென்ஸ்டோ தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில்தான் கிடக்கிறார்கள். ஹாக்கரோ 1875இல் பிளிமத்தில் அடக்கமானார். அவர் பெயரை இங்கே தேடிப் பயனில்லை. மாலுமிகளை விரிதாளில் தனி நெடுவரிசையில் ஒதுக்கிவிட்டு ஊராரின் சாவுக் கணக்கைப் போடுங்கள். இல்லாவிட்டால் புயல் அடித்த ஆண்டு கொள்ளைநோய் ஆண்டாகத் தெரியும்.