முதுகு வளையட்டும், இடுப்பு மட்டும் மடங்க வேண்டாம்

யோகா வகுப்பில் சேர்ந்த இரண்டாவது மாதமே நான், மல்லாந்த நிலையில் கையையும் காலையும் ஊன்றி உடம்பை வில்லாக உயர்த்தும் சக்ராசனம் செய்தேன். செய்தேன் என்பதைவிட, போட்டோவுக்காக எப்படியோ எழும்பி நின்றேன் என்பதுதான் சரி. அடுத்த மூன்று நாள் குனிந்து வாளியைத் தூக்க முடியவில்லை. கையும் தோளும் நன்றாகத்தான் இருந்தன. பெல்ட் போடும் இடத்துக்குச் சற்றுக் கீழே, ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் வலி. வளைந்தது அந்த இடம் ஒன்றுதான்.

பின்னால் வளையும் ஆசனங்களில் நேரும் தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்கும். மேல்முதுகின் 12 முள்ளெலும்புகளும் விலா எலும்புகளோடு பிணைந்தவை. பின்பக்கம் அதிகம் சாயாது. கீழ்முதுகின் 5 எலும்புகளுக்கு அந்தக் கட்டு இல்லை. நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவர்களுக்குத் தொடையும் இடுப்பும் சேரும் முன்பக்கத் தசை வேறு இறுகிக் கிடக்கும். மேலேயும் வழி இல்லை, கீழேயும் வழி இல்லை என்றால், சுலபமாக மடங்கும் நடு இடத்திலேயே உடம்பு மொத்த வளைவையும் போட்டுவிடும்.

குப்புறப் படுத்து, பாம்பு படமெடுப்பதுபோல் நெஞ்சை உயர்த்தும் புஜங்காசனத்தை எடுத்துக்கொள்வோம். எல்லோரும் முதலில் கற்பது அதுதான், தப்பாகச் செய்வதும் அதுதான். முழங்கையை நேராக்கித் தரையைத் தள்ளினால் யாருக்கும் நெஞ்சு எழும்பும். அது கை செய்கிற வேலை. எழுந்த நிலையில் உள்ளங்கைகளைத் தரையிலிருந்து அரை அங்குலம் மெல்லத் தூக்கிப் பாருங்கள். நெஞ்சு எந்த உயரத்துக்கு இறங்கி நிற்கிறதோ, அதுதான் இன்றைக்கு உங்கள் முதுகின் உயரம். முதல் தடவை எனக்கு மோவாய் ஏறக்குறைய தரையைத் தொட்டுவிட்டது. அந்த உயரத்திலேயே தொடங்குங்கள். முழங்கை மடங்கியே இருக்கட்டும், தோள் காதை விட்டு இறங்கட்டும். உள்ளங்கையால் விரிப்பைப் பின்னால் இழுப்பதுபோல அழுத்தினால் நெஞ்செலும்பு முன்னால் நகர்வது தெரியும். அப்போதுதான் மேல்முதுகு வேலைக்கு வருகிறது.

அப்புறம் கழுத்து. அண்ணாந்து கூரையைப் பார்த்தால் நிறைய வளைந்துவிட்டதுபோல் தோன்றும், வெறும் ஏமாற்று. மண்டியிட்டுப் பின்னால் சாய்ந்து குதிகாலைப் பிடிக்கும் உஷ்ட்ராசனத்தில் தலையைச் சட்டென்று பின்னால் போட்டுத் தலைசுற்றி உட்கார்ந்தவர்கள் உண்டு. அதே ஆசனத்தில் குதிகாலைப் பிடிக்கும் அவசரத்தில் தொடையும் பின்னால் சரியும். சுவரைப் பார்த்து மண்டியிட்டு, தொடை சுவரில் ஒட்டியபடியே சாயுங்கள். ஒட்டு விட்ட நொடியில் நிறுத்திக்கொள்ளுங்கள். குதிகால் எட்டவில்லையென்றால் இரு பக்கமும் மரக்கட்டை வைத்துக்கொள்ளலாம். இதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. கட்டை, கயிறு, நாற்காலி எல்லாவற்றையும் ஆசனப் பயிற்சியில் பரவலாக்கியவர் யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார்.

மூச்சைப் பிடித்துக்கொண்டால்தான் நிற்க முடிகிறது என்றால், அளவு மீறிவிட்டீர்கள். சாப்பிட்டு மூன்று நான்கு மணி நேரமாவது போகட்டும். குப்புறப் படுத்துக் கணுக்காலைப் பிடித்து வில்லாக வளையும் தனுராசனத்தில் உடம்பின் எடை முழுக்க வயிற்றின் மேல்தான்.

பலன்? முதுகை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகள் வலுவாகும். குப்புறப் படுத்து, கை உதவி இல்லாமல் நெஞ்சையும் காலையும் தூக்கும் சலபாசனம் இதற்கு நல்லது. கூனிப்போன மேல்முதுகு தளரும், நெஞ்சு விரியும். தைராய்டு குணமாகும், சுகர் இறங்கும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

கர்ப்பிணிகள், குடலிறக்கம் உள்ளவர்கள், அண்மையில் வயிற்றில் அறுவை செய்துகொண்டவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். கண் அழுத்த நோய் இருந்தால், தலை கீழே தொங்கும் சக்ராசனம் வேண்டவே வேண்டாம். முதுகுவலிக்கு இதுதான் மருந்து என்றும் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. டிஸ்க் பிதுங்கிய சிலருக்குப் பின்னால் சாய்ந்தால் நிம்மதி கிடைக்கும்; தண்டுவடம் போகும் பாதை சுருங்கியவர்களுக்கு அதே அசைவில் வலி கூடும். காலுக்கு வலி இறங்கினாலோ, கால் மரத்தாலோ அத்தோடு நிறுத்த வேண்டும்.

முடித்த பிறகு உடனே, காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனத்துக்குத் தாவுவதும் தவறு. கீழ்முதுகை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒரே இழுப்பில் கொண்டுபோவது அது. மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, பாதத்தைத் தரையில் வைத்துப் பத்து மூச்சு இருங்கள்; பிறகு முட்டியை மார்புக்கு இழுக்கலாம். நல்ல நாளில் அந்தப் பத்து மூச்சுக்குள் என் கீழ்முதுகு தானாகத் தரையில் படிந்துவிடும். படியவில்லையென்றால், அன்றைக்கு எங்கே வளைந்தேன் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.