கடைக்கு இணையத் தொலைபேசி: கையெழுத்துப் போடுமுன் ரௌட்டரைப் பாருங்கள்

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸிலோ மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலோ இருக்கும் ஒரு கடைக்கு மூன்று, நான்கு தொலைபேசி வேண்டும் என்றால், இணையத் தொலைபேசிக்கு, அதாவது தொலைபேசிக் கம்பிக்குப் பதிலாக இணைய இணைப்பு வழியே பேசும் முறைக்கு, மாறுவது அரை நாள் வேலைதான். மாறிய பிறகு வரும் தொல்லைகள்தான் நாள்கணக்கில் இழுக்கும். அவற்றில் பெரும்பங்கு கடைக்குள் இருக்கும் ரௌட்டரிலிருந்து வருவது. நிறுவனத்தை மாற்றினாலும் தீராது. எது மலிவு என்ற தேடலைத் தள்ளி வைத்துவிட்டு, முதலில் உங்கள் இணைப்பைச் சோதியுங்கள்.

பொதுவாகப் பயன்படும் ஜி.711 கோடெக்கில் (குரலைத் தரவாக மாற்றும் முறை) ஓர் அழைப்புக்குப் போக, வர இரு திசையிலும் தலா 87 கிலோபிட் அளவு வேகம் தேவை. கணக்குக்கு 100 என்று வைத்தால், ஒரே நேரத்தில் நான்கு பேர் பேச 400 கிலோபிட். ஃபைபர் இணைப்புக்கு இது தூசு. ஆனாலும் குரல் விட்டுவிட்டுக் கேட்கும். காரணம், அப்லோட் வழி அடைபடுவது. சிசிடிவி பதிவு கிளவுடுக்கு ஏறிக்கொண்டிருக்கும், யாரோ புதுச் சேலைகளின் படங்களைக் கைப்பேசியிலிருந்து ஏற்றிக்கொண்டிருப்பார். குரலைச் சுமக்கும் பாக்கெட்டுகள் எனப்படும் தரவுத் துண்டுகள் 20 மில்லிவினாடிக்கு ஒன்று வீதம் போயாக வேண்டும். வரிசையில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்த பாக்கெட்டை எதிர்முனைத் தொலைபேசி பயன்படுத்தாமல் விட்டுவிடும். அந்த இடத்தில்தான் சொல் அறுந்துபோகிறது.

சோதனையைக் கடை பரபரப்பாக இருக்கும் மாலையில் செய்யுங்கள். ஒரு கணினியைக் கேபிள் வழியாக ரௌட்டரில் இணைத்து, சேவை நிறுவனத்தின் சர்வர் முகவரிக்கு நூறு பிங் (பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் சோதனைச் செய்தி) அனுப்புங்கள். முகவரியைத் தர மறுக்கும் நிறுவனத்தை அப்போதே விட்டுவிடலாம். நூறில் ஒன்றுக்கு மேல் தொலையக் கூடாது. நேரம் ஏறி இறங்குவது 30 மில்லிவினாடிக்குள் அடங்க வேண்டும். ஒரு வழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கத்தின் அளவுகோல். பிங் காட்டுவது போய்வரும் நேரம் என்பதால் அதைப் பாதியாக்கிப் பாருங்கள். சர்வர் கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் நல்லது. அமெரிக்காவில் இருந்தால் இருவரும் ஒரே நேரத்தில் பேசி, இருவரும் நிறுத்தி, மறுபடி சேர்ந்து தொடங்குவார்கள்.

அடைப்பைத் தவிர்க்க, ரௌட்டரில் எந்தத் தரவு முன்னால் போக வேண்டும் என்று வரிசைப்படுத்தும் கியூஓஎஸ் (QoS) அல்லது எஸ்கியூஎம் (SQM) என்ற வசதி இருந்தால் அதை இயக்கி, அளந்த அப்லோட் வேகத்தில் 85 முதல் 90 விழுக்காட்டை வரம்பாக வையுங்கள். கொஞ்சம் வேகத்தை விட்டுக்கொடுத்தால் வரிசை ரௌட்டரிடமே நிற்கும். குரலை முன்னால் அனுப்பும் அதிகாரமும் அதன் கையிலேயே இருக்கும்.

அடுத்து, ரௌட்டர் அமைப்பில் இருக்கும் சிப் ஏஎல்ஜி (SIP ALG) என்ற வசதி. இணைய அழைப்புக்கு உதவுவதாகச் சொல்லிப் பல ரௌட்டர்களில் இது இயங்கிக்கொண்டே வரும். அணைத்துவிடுங்கள். அழைப்புச் செய்திகளுக்குள் இருக்கும் முகவரிகளை இது தன் போக்கில் திருத்துவதால், ஒருவர் குரல் மட்டும் கேட்பது, மணி அடித்தும் இணைப்புக் கிடைக்காதது போன்ற கோளாறுகள் வரும். பேசத் தொடங்கி ஏறக்குறைய 32 வினாடியில் அழைப்பு அறுந்தால் சந்தேகமே வேண்டாம்: எடுத்ததற்கான ஒப்புதல் செய்தி வழியில் தொலைந்திருக்கிறது, எதிர்முனை காத்திருந்து பார்த்துவிட்டுத் துண்டிக்கிறது. இணைய நிறுவனம் தந்த ரௌட்டருக்குப் பின்னால் வைஃபையைப் பரப்பும் மெஷ் பெட்டியையும் ரௌட்டராக ஓடவிட்டிருந்தாலும் இதே அறிகுறிகள் தோன்றலாம். மெஷ்ஷை, ரௌட்டர் வேலை செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றுங்கள்.

வெளியே அழைக்க முடிகிறது, ஆனால் சும்மா இருந்த தொலைபேசிக்கு உள்ளே அழைப்பு வரவில்லை என்றால் கதை வேறு. ரௌட்டர் திறந்து வைத்த வழியைப் பயன்பாடில்லை என்று மூடியிருக்கும். தொலைபேசி அமைப்பில், வழி மூடாமலிருக்க அவ்வப்போது செய்தி அனுப்பும் கீப் அலைவ் வசதியின் இடைவெளியை 20 அல்லது 30 வினாடியாக வையுங்கள்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழைய தொலைபேசியே போதும் என்பவர்களுக்கு, அதை இணையத்தோடு சேர்க்கும் ஓர் அடாப்டர். கல்லாவுக்குப் புதிதாக வாங்குவதானால் நேரே இணையத்தில் இணையும் ஐபி தொலைபேசி. இரண்டையும் வைஃபையில் விடாமல் கேபிளில் இணையுங்கள். கடைவீட்டின் முன்புறத்திலிருந்து பின்கட்டு வரை கேபிள் இழுப்பதில் சிக்கல் இல்லை, 100 மீட்டர் வரை தாங்கும். கைப்பேசிச் செயலியை நம்புவதானால் அதற்கு மட்டும் பேட்டரி சேமிப்பை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் திரை அணைந்ததும் மணியும் தூங்கிவிடும்.

பலர் கவனிக்காத இடம் டயல் பிளான், அதாவது அழுத்திய எண்ணைத் தொலைபேசி எப்படி எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற விதிகள். கோலாலம்பூரில் 03 இல்லாமல் எட்டு எண்ணை மட்டும் அழுத்தும் பழக்கம் போகாது, ஆகவே எட்டு இலக்கம் வந்தால் 03 சேர்க்கும் விதியை எழுதுங்கள். பினாங்குக் கிளையில் ஏழு இலக்கத்துக்கு 04. கைப்பேசி எண்களில் 012, 016 போன்றவை மொத்தம் பத்து இலக்கம், 011 பதினொன்று. பத்தில் நிறுத்தும் விதி போட்டால் 011 வாடிக்கையாளர் எவரையும் அழைக்க முடியாது, காரணமும் எளிதில் புலப்படாது. எண்ணை அழுத்திய பின் சில வினாடி மௌனம் என்றால், கடைசியில் ஹேஷ் விசையை அழுத்தினால் உடனே போகும். வங்கியின் தானியங்கிக் குரல் நீங்கள் அழுத்தும் எண்ணை ஏற்க மறுத்தால் விசை அழுத்தத்தை அனுப்பும் முறையான டிடிஎம்எஃப் (DTMF) அமைப்பை ஆர்எஃப்சி 2833க்கு (RFC 2833) மாற்றுங்கள்.

வரும் அழைப்புக்குக் கடையில் எல்லாத் தொலைபேசியும் 15 வினாடி ஒன்றாக ஒலிக்கட்டும். யாரும் எடுக்காவிட்டால் முதலாளி கைப்பேசிக்குப் போகட்டும். அங்கே ஒரு பொறி உண்டு: கைப்பேசி அணைந்திருந்தால் அதன் குரல் அஞ்சல் அழைப்பை எடுத்துக்கொள்ளும், தீபாவளி ஆர்டர் அந்தக் குரல் அஞ்சலுக்குள் போய்விடும். 'ஏற்க 1 அழுத்தவும்' என்னும் வசதியை இயக்கினால் தப்பலாம். மலாய், ஆங்கிலம், தமிழ் என மூன்று மொழியில் நீண்ட வரவேற்புரை வேண்டாம். மாவு அரைக்க வரலாமா என்று கேட்கிறவர் அதற்கெல்லாம் காத்திருக்க மாட்டார்.

பணம் போகும் வழி வெளிநாட்டு அழைப்பு. இணையத் தொலைபேசிக்கான நுழைவாயிலாக இணையத்தில் திறந்து கிடக்கும் 5060 போர்ட்டுகளை இயந்திரங்கள் ஓயாமல் தட்டிப் பார்க்கின்றன. 101 என்ற எக்ஸ்டென்ஷனுக்கு (கடைத் தொலைபேசி ஒன்றின் உள் எண்) 101 என்றே கடவுச்சொல் இருந்தால் நள்ளிரவில் உள்ளே புகுந்து, அதிகக் கட்டண வெளிநாட்டு எண்களுக்கு விடிய விடிய அழைப்பார்கள். ரசீது உங்களுக்கு வரும். கடவுச்சொல் 16 எழுத்துக்குக் குறையக் கூடாது. வெளிநாட்டை முழுவதும் பூட்டி, சென்னை மொத்த வியாபாரிக்காக 91, சிங்கப்பூருக்கு 65 என்று வேண்டியதை மட்டும் திறங்கள். நாள் செலவு வரம்பை ரிங்கிட்டில் போட்டு வையுங்கள்; முன்பணக் கணக்கு இன்னும் பாதுகாப்பு.

மின்சாரம் போனால் தொலைபேசியும் போகும். ஃபைபர் பெட்டி, ரௌட்டர், தொலைபேசி மூன்றையும் ஒரு 600 விஏ யுபிஎஸ்ஸில் மாட்டினால் மாலை இடிமழைத் தடங்கலைச் சமாளிக்கலாம். பிரிண்டரை அதில் சேர்க்காதீர்கள். அவசர உதவிக்கான 999க்கு அழைக்கக் கைப்பேசி ஒன்று எப்போதும் கல்லாவில் இருக்கட்டும், ஏனெனில் இணைய எண்ணைக் கொண்டு நீங்கள் இருக்கும் இடம் சரியாகத் தெரியும் என்று உறுதியில்லை.

பழைய 03 எண்ணைக் கொண்டுவர முடியுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புதிதாக, இணையத் தொலைபேசிக்கான 015 எண் கிடைத்தால் அதைப் பலர் கைப்பேசி என்றே எண்ணுவார்கள். பலகையில் 03 இருப்பது கடைக்கு மரியாதை. கொண்டுவர முடியாதென்றால் பழைய இணைப்பைச் சில மாதம் வைத்துக்கொண்டு புதிய எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள். ரத்து செய்யும் முன் அந்தக் கம்பியில் வேறென்ன தொங்குகிறது என்று சுவரோரம் தேடிப் பாருங்கள். திருட்டு எச்சரிக்கைப் பெட்டி, ஃபேக்ஸ், பழைய அட்டை இயந்திரம் ஆகியவை இணைய வழியில் ஒழுங்காக வேலை செய்வது அரிது. அவற்றுக்குச் சிம் அல்லது இணைய மாற்று ஏற்பாடு செய்து, ஒரு முறை ஓட்டியும் பார்த்த பிறகு ரத்து விண்ணப்பத்தைக் கொடுங்கள்.