பழைய கோல்ட் பாக்கெட் பிஸ்டல்: வயதையும் விலையையும் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான கோல்ட்டின் 1903 பாக்கெட் ஹேமர்லெஸ் (சுத்தி உள்ளே மறைந்திருக்கும்) பிஸ்டலைக் கையில் எடுத்தவுடன் கண்ணில் படுவது, ஸ்லைடின் (முன்னும் பின்னும் நகரும் மேல்பாகத்தின்) இடப்பக்கம் பொறித்திருக்கும் ‘ஏப்ரல் 20, 1897’ என்ற தேதி. உடனே ‘இது 1897-இல் செய்த துப்பாக்கி’ என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது இதை வடிவமைத்த ஜான் பிரௌனிங்குக்குக் காப்புரிமை கிடைத்த நாள், அவ்வளவுதான். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரத் தொழிற்சாலையில் இந்தப் பிஸ்டலின் உற்பத்தி 1903-இல்தான் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர் வரை அது நீடித்தது.

இந்தப் பிழை பணத்தோடு நிற்பதில்லை. அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 1898 அல்லது அதற்கு முன் செய்த துப்பாக்கிதான் ‘ஆன்டிக்’. பொறித்த தேதியை நம்பி ‘ஆன்டிக்’ என்று விற்கிறவர் சட்டச் சிக்கலில் மாட்டிக்கொள்வார். ஐம்பது வயதைக் கடந்த இந்தப் பிஸ்டல்கள் ‘கியூரியோ அண்ட் ரெலிக்’ என்ற வேறொரு வகையில் வருகின்றன. அதற்கான விதிகள் வேறு.

வயதைச் சொல்வது சட்டகத்தின் இடப்பக்கம் உள்ள சீரியல் எண். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. .32 காலிபரில் (குழலின் உள்விட்ட அளவில்) வந்த 1903 மாடலும், .380 காலிபரில் வந்த 1908 மாடலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் இரண்டுக்கும் எண் வரிசை தனித்தனி. இரண்டுமே ஒன்றிலிருந்து தொடங்குகின்றன. 60,000 என்ற எண் .32-இல் இருந்தால் அது 1908-க்குள் செய்த ஆரம்பகாலப் பிஸ்டல். அதே எண் .380-இல் இருந்தால் பல ஆண்டுகள் பிந்தியது. போதாக்குறைக்கு, சுத்தி வெளியே தெரியும் .38 காலிபர் பிஸ்டல் ஒன்றும் ‘1903 மாடல்’ என்ற பெயரிலேயே உண்டு. எண் பட்டியலைத் திறப்பதற்கு முன், ஸ்லைடின் வலப்பக்கம் பொறித்திருக்கும் காலிபரைப் படித்துவிடுங்கள்.

எண்ணை மட்டும் நம்பிவிடவும் கூடாது. உடலமைப்பும் அதே கதையைச் சொல்ல வேண்டும். .32 காலிபரில், முதல் 71,999 பிஸ்டல்களுக்குக் குழல் நீளம் 4 அங்குலம். அதன்பின் 3¾ அங்குலமாகக் குறைந்தது. இந்த இரு வகைகளிலும் குழலின் முனையைத் தாங்கும் தனி வளையம் ஒன்று ஸ்லைடின் முகப்பில் இருக்கும். 105,051-ஆம் எண்ணிலிருந்து அந்த வளையம் இல்லை. இரண்டு லட்சத்தைத் தாண்டிய எண்ணுள்ள சட்டகத்தின்மேல் வளையம் வைத்த ஸ்லைடு உட்கார்ந்திருந்தால், அது வேறொரு பிஸ்டலிலிருந்து வந்த ஸ்லைடு.

இதையெல்லாம் பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் கூட்டை) கழற்றியதும் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். மேகசின் இல்லாதபோது சுடாமல் தடுக்கும் அமைப்பு 1926 வாக்கில்தான், .32-இல் 468,097-ஆம் எண்ணிலிருந்து வந்தது. அதற்கு முந்தையவை மேகசின் இல்லாமலும் வெடிக்கும். ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, குழலின் அறையைக் கண்ணால் பாருங்கள்.

விலையை அடியோடு சாய்ப்பது புதுமெருகு. பழையது மங்கிக் கிடக்கிறதே என்று பாலீஷ் போட்டு, மீண்டும் நீல மெருகு ஏற்றிவிடுகிறார்கள். பார்க்கப் பளபளவென்று இருக்கும். சேகரிப்பவருக்கு அது பாதி மதிப்பை இழந்த பொருள். கண்டுபிடிக்க ஒரு பூதக்கண்ணாடி போதும். ஸ்லைடில் முன்னங்கால் தூக்கி நிற்கும் கோல்ட் குதிரையைப் பாருங்கள். மூல மெருகு என்றால் கால்களும் வாலும் கூர்மையாகத் தெரியும். பாலீஷ் சக்கரம் பட்டிருந்தால் கால்கள் மழுங்கி, எழுத்துகளின் ஓரங்கள் கரைந்தாற்போல இருக்கும். ஊசிகள் செருகிய துளைகளின் விளிம்பு லேசாகக் குழிந்திருக்கும். பிறகு ஸ்லைடை விளக்கொளியில் சாய்த்துப் பிடியுங்கள். தட்டையாக இருக்க வேண்டிய பக்கத்தில் ஒளி அலையலையாக நெளிந்தால் சந்தேகமே வேண்டாம்.

நேர்மையாகத் தேய்ந்த ஒரு பிஸ்டல், புதுப்பித்த பிஸ்டலைவிட எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான கருத்து. துருவை எடுக்கிறேன் என்று எஃகுக் கம்பளியைக் கையில் எடுக்காதீர்கள். தோலுறையில் போட்டு வைப்பதும் கெடுதல். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு உலோகத்தை அரிக்கும்.

கைப்பிடித் தகடுகள் சட்டென்று மாற்றக்கூடியவை. ஆரம்பத்தில் கருப்பு நிறக் கெட்டி ரப்பர். 1920-களின் நடுவிலிருந்து நிறுவனத்தின் பதக்கம் பதித்த வால்நட் மரம். காலத்துக்குப் பொருந்தாத தகடு இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். பழைய அட்டைப் பெட்டியோடு வந்தால் அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பென்சிலில் எழுதிய சீரியல் எண் பிஸ்டலின் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும்.

அடுத்தது, கதைக்குக் கொடுக்கும் காசு. 1934 ஜூலை 22 அன்று சிகாகோவின் பயோகிராஃப் திரையரங்கருகே சுட்டுக் கொல்லப்பட்ட கொள்ளையன் ஜான் டில்லிஞ்சரிடம் இருந்தது .380 கோல்ட். ஐசன்ஹோவர், பிராட்லி போன்ற அமெரிக்கத் தளபதிகளுக்கு ராணுவமே இந்தப் பாக்கெட் பிஸ்டலை வழங்கியது. இதனால் ‘இது ஒரு ஜெனரலின் துப்பாக்கி’ என்ற பேச்சு சந்தையில் மலிந்துகிடக்கிறது. ‘யு.எஸ். பிராப்பர்ட்டி’ (அமெரிக்க அரசின் உடைமை) என்ற முத்திரையைப் பிற்காலத்தில் அடித்துவிடவும் முடியும். சீரியல் எண் குறிப்பிட்ட ராணுவ ஆவணம் கையில் இல்லாவிட்டால் அந்தக் கதைக்கு ஒரு டாலரும் கூடுதலாகத் தராதீர்கள்.

விலையைத் தெரிந்துகொள்ள, விற்பவர்கள் கேட்கும் தொகைகளைப் பார்த்துப் பயனில்லை. ஏலத்தில் உண்மையில் விற்ற தொகையைப் பாருங்கள். அதிலும் ஏல நிறுவனத்தின் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். மூல மெருகு எத்தனை சதவீதம் மிஞ்சியிருக்கிறது என்பதை ஒப்பிடாமல் இரண்டு விலைகளை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

பெரிய தொகை என்றால், பணம் கைமாறுவதற்கு முன் கோல்ட் நிறுவனத்தின் ஆவணப் பிரிவிலிருந்து கட்டணம் செலுத்திக் கடிதம் வாங்குங்கள். பிஸ்டல் எந்தக் காலிபரில், எந்த மெருகோடு, எந்த நாளில், யாருக்கு அனுப்பப்பட்டது என்பதை அது சொல்லும். பெரும்பாலும் ஏதாவதொரு வணிகரின் பெயர்தான் இருக்கும். பிற்பாடு யார் சட்டைப்பையில் இருந்தது என்பது அதில் வராது. ஆனால் கடிதம் ‘நீல மெருகு’ என்று சொல்ல, மேசையில் நிக்கல் பூசிய பிஸ்டல் இருந்தால், பேரத்தை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.