கிட்டார் பிக் வாங்கும்போது: தடிமன் முதலில், வடிவம் அடுத்து, பொருள் கடைசியில்

மொரீசியஸில் கிட்டார் பழகத் தொடங்கும் பிள்ளைகள் கடைக்குப் போய், தந்தியை மீட்டும் சிறு தகடான பிக்கைப் பிரெஞ்சுப் பேச்சுவழக்கில் ‘மெதியாத்தோர்’ என்று கேட்டு, நிறம் பிடித்த ஒன்றை வாங்கி வந்துவிடுகிறார்கள். சில வாரங்களில் மணிக்கட்டு வலிக்கிறது, தந்தி கீறுகிறது, குற்றம் கிட்டாரின் மேல் விழுகிறது. பிக்கைத் தேர்ந்தெடுக்க ஒரு வரிசை உண்டு: முதலில் தடிமன், அடுத்து முனையின் வடிவம், அதன்பின் பொருள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். மூன்றையும் சேர்த்து மாற்றினால் எந்த மாற்றம் ஒலியைத் திருத்தியது என்று காதுக்குத் தெரியாது.

0.40 முதல் 0.60 மி.மீ. வரையிலானவை மெல்லியவை, 0.80 வரை நடுத்தரம். அதற்கு மேல் 1.20 வரை தடித்தவை; 1.5 மி.மீ. தாண்டியவை வளையவே வளையாது என்று வைத்துக்கொள்ளலாம். மெல்லிய பிக் ஒவ்வொரு தந்தியிலும் பட்டு வளைந்து விலகுவதால், ஆறு தந்திகளையும் ஒரே வீச்சில் தடையின்றிக் கடக்கிறது. அதன் ஒலியில் கீழ்ச்சுரத்தின் கனம் குறைந்து, ‘சர்’ என்ற மேல் ஓசை கூடுகிறது. ஆறு எண்ணிக்கையில் சுழலும், மொரீசியஸின் நாட்டார் இசையான சேகாவின் தாளத்துக்கு அந்த ஓசை மிகவும் பொருந்தும். ரவான் என்ற தோல்மேளத்தின் ஆழ்ந்த அடிக்கு மேலே, மாரவான் என்ற கிலுகிலுப்பையின் சலசலப்போடு கிட்டாரும் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அதே பிக்கால் ஒரு பாட்டின் மெட்டைத் தனித்தனிச் சுரமாக வாசித்தால், தகடு வளைந்து நிமிரும் நேரம் வரை சுரம் காத்திருக்கிறது. விரைவான இடங்களில் சுரங்கள் குழம்பும். தடித்த பிக்கில் கையின் விசை முழுவதும் தந்திக்கே போவதால், சுரம் உருண்டு திரண்டு வருகிறது. ஆனால் அதைக் கொண்டு கார்டுகளை (பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் கூட்டுகளை) வேகமாக வீசும்போது கை சற்றே இறுகினாலும் தந்தியில் சிக்கிக்கொள்ளும்.

உங்களுக்கு ஏற்ற தடிமனை அறிய, ஒரே வடிவத்திலும் ஒரே பொருளிலும் மூன்று பிக் வாங்குங்கள். டன்லப் நிறுவனத்தின் டார்டெக்ஸ் வகையில் நிறமே அளவைச் சொல்லிவிடும்: சிவப்பு 0.50, மஞ்சள் 0.73, நீலம் 1.00 மி.மீ. நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை, வேகத்தை மாற்றாமல் மூன்றாலும் வாசியுங்கள். கோயில் பஜனையில் ஹார்மோனியத்தோடு கார்டு போட்டு, இடையிடையே மெட்டும் தொடுகிறவர்களுக்கு மஞ்சளைத்தான் பரிந்துரைப்பேன்.

வடிவத்தில் பார்க்க வேண்டியது முனை. வட்டமூலை கொண்ட வழக்கமான முக்கோணமே பெரும்பாலோருக்குப் போதும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலின் பக்கவாட்டுக்கும் இடையில் பிடித்து, நான்கைந்து மி.மீ. மட்டும் வெளியே தெரிய விடுங்கள். கூர்முனை தந்தியை விரைவில் விட்டு விலகுவதால் தனிவாசிப்புக்கு உதவும். சிறிய உருவமும் கூரிய முனையும் கொண்ட ஜாஸ் 3 வகை இதற்குப் பெயர் பெற்றது. முனை மழுங்க மழுங்க ஒலி மென்மையாகும். ஒரு காசும் செலவில்லாமல் இதைச் சோதிக்க, கையிலுள்ள பிக்கையே திருப்பி அதன் தோள்பக்கத்தால், அதாவது மேலுள்ள வட்டமூலையால், மீட்டிப் பாருங்கள். பிடி தளர்கிறவர்களுக்கு மூன்று பக்கமும் சமமான பெரிய முக்கோணம் நல்லது. ஒரு முனை தேய்ந்தால் அடுத்ததைப் பயன்படுத்தலாம்.

பொருளைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். முற்காலத்தில் பிக் செய்ய அழுங்காமை ஓட்டைப் பயன்படுத்தினார்கள்; நம் கடலிலும் வாழும் இந்த ஆமையின் ஓட்டை நாடுகளுக்கிடையே வணிகம் செய்வதை, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கை தடுத்திருக்கிறது. பழைய பிக் என்று யார் காட்டினாலும் வாங்காதீர்கள். அந்த ஓட்டுக்கு மாற்றாக வந்ததே செல்லுலாய்ட் என்ற பழைய பிளாஸ்டிக். அதன் விளிம்பை உப்புத்தாளில் தேய்த்து முகர்ந்து பாருங்கள்: கற்பூர வாசனை வரும், ஏனென்றால் அதைச் செய்யக் கற்பூரம் சேர்க்கிறார்கள். இனிய ஒலி தரும், ஆனால் விரைவில் தேயும், எளிதில் தீப்பற்றும்; பூசை விளக்கருகே வைக்க வேண்டாம்.

நம் கோடையில் பிடியும் முக்கியம். ஒரு காவடிக் காலத்தில், தைமாதப் புழுக்கத்தில், பளபளப்பான செல்லுலாய்ட் பிக் என் வியர்த்த விரல்களிலிருந்து நழுவிக் கிட்டாரின் துளைக்குள் விழுந்தது. பாட்டு முடியும்வரை பெருவிரலாலேயே வாசித்தேன். அன்றிலிருந்து மேடைக்கு மேடு மேடான பிடி வார்க்கப்பட்ட நைலானையோ, மாவு தடவியது போன்ற மேற்பரப்புள்ள டார்டெக்ஸையோதான் எடுத்துச் செல்கிறேன். நைலான் ஈரத்தை உறிஞ்சி இன்னும் சற்று இளகும் என்பதால், அதில் ஒருபடி தடித்ததை வாங்குவது நல்லது. அல்டெம் என்ற பிளாஸ்டிக் விறைப்பும் நீண்ட உழைப்பும் கொண்டது. ஒலி கூர்மையாக இருக்கும்.

வாரம் ஒருமுறை பிக்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தந்தி படும் ஓரம் சரிந்து தேய்ந்திருக்கும்; அங்கே நகத்தை ஓட்டினால் பிசிறு தட்டுப்படும். மேலே கம்பி சுற்றிய தடித்த தந்திகளில் கரகரப்பைத் தருவது அந்தப் பிசிறுதான். நுண்ணிய உப்புத்தாளில் நான்கைந்து முறை இழுத்து, பிறகு ஜீன்ஸ் துணியில் தேய்த்தால் ஓரம் மீண்டும் வழவழப்பாகும். இரண்டு ஓரமும் சரிந்து முனையே குட்டையாகிவிட்டால், அதே தடிமனில் புதியது வாங்குங்கள்.