முதுகலை மாணவரின் கல்விசார் சி.வி.: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேதியியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் தேடும் கயல்விழி என்ற மாணவியின் சி.வி.யை எண்ணிப் பார்ப்போம். மொத்தம் ஆறு பக்கம். முதல் பக்கத்தின் தலையில் கொட்டை எழுத்தில் ‘பயோடேட்டா’ என்றிருக்கிறது. அதன் கீழே புகைப்படம், தந்தை பெயர், பிறந்த தேதி, மதம், சாதிப் பிரிவு, திருமண நிலை. அடுத்து, ‘சவாலான சூழலில் என் திறமையை வளர்த்துக்கொண்டு நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபடுவதே என் குறிக்கோள்’ என்று எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய வாசகம். பத்தாம் வகுப்பில் தொடங்கும் மதிப்பெண் அட்டவணை இரண்டாம் பக்கத்தை அடைத்துக்கொள்கிறது. அடுத்த இரண்டு பக்கங்களில் கலந்துகொண்ட கருத்தரங்குகளும் பயிலரங்குகளும். ஐந்தாம் பக்கத்தின் நடுவில்தான், மாதக்கணக்கில் உழைத்துச் செய்த ஆய்வு ஒற்றை வரியாக வருகிறது: ‘ப்ராஜெக்ட்: நிலத்தடி நீர் ஆய்வு.’

இதில் பொய் எதுவும் இல்லை, சரக்குக்கும் குறைவில்லை. ஆனால் இதைப் படிக்கப்போகிறவர், தம் ஆய்வகத்தில் அடுத்த ஐந்தாண்டுகளுக்கு இவரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று முடிவு செய்ய வேண்டிய ஒரு பேராசிரியர். இவர் எந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார், எந்த முறையில் அதை ஆராய்ந்தார், எதுவரை கொண்டு சென்றார் என்பதே அவருக்குத் தேவை. அதற்கான விடை ஐந்தாம் பக்கத்தில் ஒளிந்திருப்பதுதான் முதல் தவறு. பிற தவறுகளில் பெரும்பாலானவை இதன் கிளைகளே.

அந்த ஒற்றை வரியையே எடுத்துக்கொள்வோம். அதை இப்படி எழுதலாம்: ‘தருமபுரி மாவட்டத்தின் 32 ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து கோடையிலும் மழைக்காலத்திலும் நீர் மாதிரிகள் சேகரித்து, ஃபுளோரைடு மின்முனையால் அளவிட்டு, குடிநீருக்கான இந்தியத் தரநிலை அனுமதிக்கும் உச்ச வரம்பான லிட்டருக்கு 1.5 மில்லிகிராமை மீறிய கிணறுகளை வரைபடமாக்கினேன்.’ ஆய்வேட்டின் முழுத் தலைப்பு, நெறியாளர் பெயர், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்ற விவரம் ஆகியவை அதற்கு மேல் ஒரு வரியில் வர வேண்டும். இப்போது படிப்பவருக்கு மாணவி களப்பணி செய்தவர், கருவியைக் கையாண்டவர், தரவைத் தரநிலையோடு ஒப்பிடத் தெரிந்தவர் என்று மூன்று செய்திகள் கிடைக்கின்றன. ‘கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றக்கூடியவர்’ என்று தனியே ஒரு பகுதி எழுதத் தேவையே இல்லை. மென்பொருள் திறன்களை ‘பைத்தான் 80 விழுக்காடு’ என்று பட்டை போட்டுக் காட்டுவதும் இவ்வகையே. எதில் 80 விழுக்காடு என்று கேட்டால் எழுதியவருக்கே விடை தெரியாது. அந்த மொழியைக் கொண்டு எந்தத் தரவை அலசினார் என்று சொன்னால் போதும்.

தந்தை பெயர், மதம், சாதிப் பிரிவு, திருமண நிலை ஆகியவற்றைக் கல்யாணத் தரகர் கேட்கலாம், ஆய்வகம் கேட்பதில்லை. இந்திய அரசு நிறுவனங்களின் விண்ணப்பப் படிவத்தில் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கென்று தனி இடம் உண்டு. அது படிவத்தில் இருக்கட்டும், சி.வி.யில் வேண்டாம். அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் அனுப்பும் சி.வி.யில் புகைப்படமும் பிறந்த தேதியும்கூட இடம்பெறக் கூடாது. ஜெர்மனியில் புகைப்படம் வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்நாட்டின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் வழங்கும் சில உதவித்தொகைகளுக்கு, ஐரோப்பாவுக்குப் பொதுவான யூரோபாஸ் படிவத்தில், கையொப்பமிட்ட சி.வி. கேட்கிறார்கள். ஆகவே ஒரே கோப்பை உலகெங்கும் அனுப்புவது தவறு. இறுதியில் ‘மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை என உறுதியளிக்கிறேன்’ என்று இடம், நாள் குறித்துக் கையெழுத்திடும் வழக்கம் நம் வேலைவாய்ப்புப் படிவங்களிலிருந்து வந்தது. கேட்காத இடத்தில் அது தேவையில்லை.

தமிழர்களுக்கென்றே வாய்த்த ஒரு சிக்கல் பெயர். மாணிக்கத்தின் மகள் கயல்விழி, கல்லூரிச் சான்றிதழில் ‘எம். கயல்விழி’ என்றும், கடவுச்சீட்டில் ‘கயல்விழி மாணிக்கம்’ என்றும், முதல் கட்டுரையில் ‘கயல்விழி எம்.’ என்றும் இருப்பார். ஆய்விதழின் இணையப் படிவம் குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது என்பதால் அவசரத்துக்கு ‘எம்’ என்ற தலைப்பெழுத்தையே அந்தக் கட்டத்தில் இட்டு நிரப்பிவிடுவோம். அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறவர்கள் குடும்பப் பெயரை முன்னால் வைத்து, கயல்விழியைச் சுருக்கும்போது, ‘எம், கே.’ என்று யாருமே அடையாளம் காண முடியாத ஓர் ஆள் உருவாகிவிடுகிறார். போதாக்குறைக்கு, ழகரத்தை ஆங்கிலத்தில் ஒரு கட்டுரையில் ‘இசட்-எச்’ என்றும் மற்றொன்றில் ‘எல்’ என்றும் எழுதியிருந்தால், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் ஒருவரே இருவராகப் பிரிந்து கிடப்பார்.

முதல் கட்டுரையை அனுப்புவதற்கு முன்பே ஒரு வடிவத்தைத் தேர்ந்துகொண்டு அதையே எங்கும் பயன்படுத்துவதுதான் இதற்கு மருந்து. கடவுச்சீட்டின் வடிவம் பெரும்பாலும் வசதியானது. ஏற்கெனவே பல வடிவங்களில் வெளியாகிவிட்டிருந்தால், ஆய்வாளர்களுக்கு அடையாள எண் வழங்கி 2012 முதல் இயங்கிவரும் ஆர்க்கிட் தளத்தில் கட்டணமின்றிப் பதிவுசெய்து, 16 இலக்க அடையாள எண்ணைப் பெற்றுக்கொண்டு, பிற பெயர் வடிவங்களையும் அங்கேயே குறித்துவைக்கலாம். அந்த எண் சி.வி.யின் தலைப்பகுதியில் மின்னஞ்சல் முகவரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வெளிவந்த கட்டுரையில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே பட்டியலில் கொடுத்து, தன் பெயரை மட்டும் தடித்த எழுத்தில் காட்ட வேண்டும். பட்டியல் ஒரே சீராக இருக்கட்டும் என்று அச்சான பெயரைத் திருத்திவிட்டால் தேடுகிறவருக்குக் கட்டுரை கிடைக்காமல் போகலாம்.

கட்டுரைப் பட்டியலில்தான் நம்பகத்தன்மை சேர்வதும் சிதைவதும். அச்சேறியவை, ஏற்கப்பட்டவை, மதிப்பீட்டில் உள்ளவை, எழுதப்பட்டுக்கொண்டிருப்பவை ஆகிய நான்கையும் ஒரே வரிசையில் கலந்து எண்ணிட்டு ‘மொத்தம் 7 கட்டுரைகள்’ என்று காட்டுவது மிகப் பரவலான தவறு. ஏழில் நான்கு இன்னும் வெளிவரவே இல்லை என்று தெரிந்த நொடியில், வெளிவந்த மூன்றின் மீதும் ஐயம் விழும். ஒவ்வொரு நிலைக்கும் தனித் தலைப்பு வேண்டும். மதிப்பீட்டில் இருக்கும் கட்டுரைக்கு எதிரே புகழ்பெற்ற ஆய்விதழின் பெயரை எழுதுவதால் பெருமை சேராது. அங்கே அனுப்புவதற்கு யாருக்கும் தடையில்லை, ஏற்கப்படுவதுதான் செய்தி. அதைவிட, மதிப்பீடு முடியும் முன்பே கட்டுரையைப் பொதுவில் வைக்க உதவும் ஆர்க்கைவ் அல்லது பயோஆர்க்கைவ் போன்ற முன்னச்சுத் தளத்தில் அதை ஏற்றி அதன் இணைப்பைத் தருவது மேல். படிக்க விரும்புகிறவர் படித்துப் பார்ப்பார். ‘தயாரிப்பில்’ என்று போட்டால், கேட்ட மறுநாள் அனுப்பக்கூடிய வரைவு கையில் இருக்க வேண்டும்.

ஆசிரியர் வரிசையில் கைவைக்கவே கூடாது. நான்காவதாக இருக்கும் தன் பெயரை முன்னால் நகர்த்துவதும், முதல் பெயரோடு நிறுத்தி ‘மற்றும் பலர்’ என்று போட்டுத் தன் இடத்தை மறைப்பதும் ஒரே நிமிடத் தேடலில் வெளிப்பட்டுவிடும். வரிசைக்குத் துறைதோறும் பொருள் மாறும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்: உயிரியலில் கடைசிப் பெயர் பெரும்பாலும் ஆய்வகத் தலைவருடையது, கணிதத்தில் அகரவரிசையே வழக்கம். நான்காம் இடத்தில் இருந்தாலும் செய்தது கணிசமான வேலை என்றால், அதை வரிசையில் காட்ட முயலாமல் ‘மாதிரி சேகரிப்பும் புள்ளியியல் பகுப்பாய்வும் என் பங்கு’ என்று கட்டுரைக்குக் கீழே ஒரு வரி சேர்க்கலாம்.

ஐ.எஸ்.எஸ்.என். எண் இருந்தால் தரமான ஆய்விதழ் என்ற நம்பிக்கை நம் கல்லூரிகளில் வேரூன்றியிருக்கிறது. அது ஒரு தொடர் வெளியீட்டை அடையாளம் காட்டும் எட்டு இலக்க எண் மட்டுமே. வார இதழுக்கும் அது உண்டு. பணம் கொடுத்தால் சில நாள்களில் கட்டுரையை வெளியிட்டுவிடும் இதழ்களை, கொலராடோ பல்கலைக்கழக நூலகர் ஜெஃப்ரி பீல் ‘வேட்டையாடும் இதழ்கள்’ என்று பெயரிட்டுப் பட்டியலிட்டார். அந்தப் பட்டியல் 2017 தொடக்கத்தில் இணையத்திலிருந்து நீக்கப்பட்டது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) நடத்திவந்த, தரமான ஆய்விதழ்களுக்கான ‘கேர்’ பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. ஆக, ‘யுஜிசி கேர் இதழ்’ என்ற முத்திரையை இனியும் தலைப்பாக வைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை, வெளிநாட்டுப் பேராசிரியருக்கு அது புரியவும் புரியாது. ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதைக் குறிப்பது இம்பாக்ட் ஃபேக்டர். ‘இம்பாக்ட் ஃபேக்டர் 7.8’ என்று இதழின் முகப்பிலேயே அச்சிட்டிருந்தாலும், அந்த எண்ணைக் கணக்கிட்டு வெளியிடும் நிறுவனம் கிளாரிவேட் என்பதால், அங்கே இல்லாத எண்ணைச் சி.வி.யில் எழுதுவது தன் காலில் தானே கட்டையைப் போட்டுக்கொள்வது. உண்மையான எண்ணாகவே இருந்தாலும் தேவையா என்று யோசிக்க வேண்டும். 2013இல் வெளியான சான் ஃபிரான்சிஸ்கோ பிரகடனம், இதழின் எண்ணைக் கொண்டு ஆய்வாளரை எடைபோடக் கூடாது என்கிறது, உலகெங்கும் பல நிறுவனங்கள் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன. ஏற்கெனவே ஓர் ஐயத்துக்குரிய இதழில் கட்டுரை வெளிவந்துவிட்டதே என்று கேட்பவர்களுக்கு என் கருத்து: அதைப் பட்டியலிலிருந்து விட்டுவிட்டு ஆய்வை மட்டும் ஆய்வு அனுபவத்தின் கீழ் விவரியுங்கள். வெளியீடுகள் அனைத்தையும் தரும்படி படிவம் கேட்டால் மட்டும் ஒளிக்காமல் கொடுங்கள்.

கருத்தரங்குகளைப் பொறுத்தவரை, கலந்துகொண்டதும் கட்டுரை வாசித்ததும் ஒன்றல்ல. 2020இல் ஊரடங்கின்போது ஒவ்வொரு கல்லூரியும் இணையவழிக் கருத்தரங்கும் விநாடிவினாவும் நடத்தி மின்சான்றிதழ்களை வாரி வழங்கியது. அவற்றை நாற்பது ஐம்பது என்று வரிசையிட்ட சி.வி.க்கள் இன்னும் உலவுகின்றன. வாய்மொழியாகவோ சுவரொட்டியாகவோ படைத்தவற்றை மட்டும், எது எந்த வகை என்று குறித்துத் தர வேண்டும். சொந்தத் துறையின் வாராந்தரக் கூட்டத்தில் பேசியதை ‘அழைப்புரை’ என்று எழுதக் கூடாது.

மதிப்பெண்ணில் இரண்டு தவறுகள். ‘சி.ஜி.பி.ஏ. 8.2’ என்று மட்டும் எழுதுவது முதலாவது. எத்தனைக்கு என்று சொல்ல வேண்டும். ஜெர்மனியில் 1.0 என்பது மிகச் சிறந்த மதிப்பெண், 4.0 என்பது குறைந்தபட்சத் தேர்ச்சி. நம் 10க்கு 8.2ஐ, தேர்ச்சி எல்லை 5 என்று கொண்டு வெளிநாட்டு மதிப்பெண்ணை ஜெர்மன் அளவுக்கு மாற்றும் பவேரிய வாய்பாட்டில் இட்டால் சுமார் 2.1 வரும். அந்தக் கணக்கை அவர்களே போட்டுக்கொள்வார்கள். நாம் அசல் எண்ணையும் அதன் உச்ச அளவையும் கொடுத்தால் போதும், நாமாகவே அமெரிக்க நான்கு புள்ளி அளவுக்கு மாற்றி எழுதினால் மதிப்பெண் பட்டியலோடு பொருந்தாமல் போகும். இரண்டாவது, தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவர்கள் கல்லூரிப் பெயரை மட்டும் எழுதிவிடுவது. பட்டம் வழங்குவது பல்கலைக்கழகம் என்பதால் இரண்டையும் எழுத வேண்டும்.

தேசியத் தகுதித் தேர்வான நெட்டைப் பற்றி ‘நெட் தேர்ச்சி’ என்ற இரு சொற்கள் மட்டும் இப்போது போதாது. 2024 ஜூன் முதல் அத்தேர்வின் முடிவு மூன்று வகையாக வருகிறது: இளநிலை ஆய்வு உதவித்தொகையோடு உதவிப் பேராசிரியர் தகுதி, உதவிப் பேராசிரியர் தகுதியோடு முனைவர் பட்டச் சேர்க்கை, சேர்க்கை மட்டும். மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு வரும் மாணவருக்கும் சேர்க்கைத் தகுதி மட்டும் உள்ளவருக்கும் நெறியாளரின் கணக்கில் பெரிய வேறுபாடு உண்டு. எந்த வகை, எந்தப் பாடம், எந்த மாதம் என்று எழுதுங்கள். பொறியியல், அறிவியல் மேற்படிப்புகளுக்கான ‘கேட்’ தேர்வின் மதிப்பெண் மூன்றாண்டுகளுக்கே செல்லும் என்பதால் அதற்கும் ஆண்டு வேண்டும்.

காலக் குறிப்புகளில் ஆண்டோடு மாதத்தையும் எழுதுவது நல்லது. ஐரோப்பாவின் மேரி கியூரி முனைவர் பட்ட வலையமைப்புகளில் சேர விரும்புகிறவர், தாம் சேரப்போகும் நாட்டில், அதற்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. ‘2022–2023’ என்ற குறிப்பு இரண்டு மாதத்தையும் குறிக்கலாம், இருபத்து நான்கு மாதத்தையும் குறிக்கலாம்.

தமிழியல் மாணவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. ஆங்கிலச் சி.வி.யில் தமிழ்க் கட்டுரையின் தலைப்பை மொழிபெயர்ப்பில் மட்டும் கொடுத்தால் எந்த நூலகப் பட்டியலிலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் முறைப்படி எழுத்துப்பெயர்ப்புச் செய்து, அதையடுத்து மொழிபெயர்ப்பைத் தர வேண்டும். தமிழ் எழுத்திலும் தருவதானால் யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தது, எழுத்துரு இல்லாத கணினியில் வேர்டு கோப்பாகத் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். எப்படியும் பிடிஎஃப் ஆக மாற்றியே அனுப்ப வேண்டும், கோப்பின் பெயரும் ‘ரெசியூம் ஃபைனல் நியூ 2’ என்றில்லாமல் உங்கள் பெயராக இருக்கட்டும்.

கடைசியாகப் பரிந்துரையாளர்கள். அனுமதி கேட்காமல் பெயரைப் போடுவது பெருந்தவறு. தெரியாத நாட்டிலிருந்து திடீரென்று மின்னஞ்சல் வந்தால் எந்த ஆசிரியரும் சங்கடப்படுவார். பெயர், பதவி, நிறுவன மின்னஞ்சல் முகவரி, உங்களுக்கு அவர் எந்த வகையில் தொடர்பு என்ற நான்கும் இருக்க வேண்டும். அனுமதி கேட்கும்போதே, அனுப்பப்போகும் அதே சி.வி.யை அவருக்கும் கொடுத்துவிடுங்கள். கயல்விழியின் சி.வி.யில் 32 கிணறுகள் என்றிருக்க, நெறியாளர் நினைவிலிருந்து ‘இருபது கிணறுகளில் ஆய்வு செய்தார்’ என்று கடிதத்தில் எழுதிவிட்டால், படிக்கிறவர் இருவரில் யாரை நம்புவது என்றுதான் யோசிப்பார்.