கோயில் கூரை மழைநீரைக் குடிநீராக்குவது எப்படி?

பென்னாகரம் பக்கம் எங்கள் கத்தோலிக்கப் பங்கில் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். மறைக்கல்வி வகுப்புக்கு வரும் பிள்ளைகள் சிரித்தால் பல்லில் பழுப்புக் கோடு தெரியும். தண்ணீரைக் காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது. படைப்பைக் காப்பது விசுவாசிகளின் கடமை என்று போப் பிரான்சிஸ் 2015-இல் 'லவுதாத்தோ சி' மடலில் எழுதினார். நாங்கள் கோயில் கூரையில் விழும் மழைநீரைச் சேர்ப்பதில் தொடங்கினோம்.

முதலில் கூரையை அளந்துகொள்ளுங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 100 லிட்டர். ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் குடிக்க வேண்டாம், செடிக்கு விடுங்கள்.

அப்புறம், முதல் மழை. இதில்தான் நாங்கள் ஏமாந்தோம். காய்ந்த கூரையில் புழுதி, புறா எச்சம், வேப்பஞ்சருகு எல்லாம் கிடக்கும். முதல் வருடம் தொட்டியைத் திறந்தால் டீ நிறத்தில் தண்ணீர், குடலைப் பிடுங்கும் நாற்றம். அத்தனையையும் இறைத்துக் கொட்டும்போது வயிறு எரிந்தது. இப்போது தொட்டிக்கு முன்னால் குழாயில் T வடிவ இணைப்பு ஒன்று போட்டு, மூடி இறுகிய 200 லிட்டர் டிரம்மை இணைத்திருக்கிறோம். அழுக்குத் தண்ணீர் முதலில் அதில் நிறையும். நிறைந்த பிறகே மீதி தொட்டிக்குப் போகும். மழை விட்டதும் டிரம்மின் அடிக்குழாயைத் திறந்து வாழைக்கு விட்டுவிடுங்கள். மறந்தால் அடுத்த மழை அழுக்கு நேராகத் தொட்டிக்குத்தான்.

தொட்டிக்குள் வெயில் படக் கூடாது, கொசுவலை கட்டாயம். குடிக்கிற தண்ணீரைக் காய்ச்சிக்கொள்ளுங்கள். கூரையை மாதா வணக்க மாதமான மே மாதத்திலேயே பெருக்கிவிடுங்கள். எங்கள் ஊரில் அது இளைஞர் குழுவின் வேலை.