சூரியத் துருவக் காற்று: யுலிசிஸ் தரவைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நடுவில் சூரியனின் படம். மேலும் கீழும் இரண்டு பெரிய மடல்கள் விரிந்திருக்கும். இடுப்புப் பகுதியில் மட்டும் கோடு ஒடுங்கி, நடுங்கும் கையால் கிறுக்கியது போல ஏறி இறங்கும். யுலிசிஸ் விண்கலத்தைப் பற்றித் தேடிப் படித்தவர்கள் இந்த வரைபடத்தைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். சூரியனின் துருவங்களுக்கு மேலே சூரியக் காற்று, அதாவது சூரியனிலிருந்து வெளியேறும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டம், எப்படி வீசுகிறது என்று விளக்க இதைவிட நல்ல படம் இல்லை. இதைப் போலத் தவறாகப் படிக்கப்படும் படமும் இல்லை.

அந்த மடல்கள் காற்றின் உருவம் அல்ல. நடுப்புள்ளியிலிருந்து கோடு எவ்வளவு தள்ளி நிற்கிறதோ, அது வேகம். தூரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. துருவப் பக்கம் கோடு வெளியே நிற்கிறது என்றால் அங்கே காற்று நொடிக்கு 750 கி.மீ. அளவில் வீசியது என்று பொருள். நடுக்கோட்டுப் பக்கம் ஒடுங்குகிறது என்றால் அங்கே 400 கி.மீ. அளவுக்கு இறங்கி, மறுபடி ஏறி, நிலையில்லாமல் இருந்தது என்று பொருள். காற்று எல்லாத் திசையிலும்தான் வெளியேறுகிறது. சிவப்பு, நீல நிறங்களைச் சூடு, குளிர்ச்சி என்று எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. அவை காந்தப்புலத்தின் திசையைக் காட்டுபவை. சிவப்பு என்றால் சூரியனிலிருந்து வெளிநோக்கி, நீலம் என்றால் சூரியனை நோக்கி.

இதைவிடப் பெரிய சறுக்கல், இந்த வரைபடத்தை ஒரே நாளில் எடுத்த புகைப்படம் போல நினைப்பது. கோடு இடப்பக்க நடுவில் தொடங்கி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றி வருகிறது. முழுச் சுற்றுக்கு 6.2 ஆண்டுகள். யுலிசிஸ் 1994 செப்டம்பரில் சூரிய நடுக்கோட்டுக்குத் தெற்கே 80 பாகை அட்சரேகையைத் தொட்டது, 1995 ஜூலை இறுதியில் வடக்கே 80 பாகையைத் தொட்டது. ஆகவே வலப்பாதி முழுவதும் பத்தரை மாதத்துக் கதை. இடப்பாதியோ ஐந்து ஆண்டுகளுக்கு மேல். தாளில் இரண்டும் ஒரே அகலம். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்துப்போகவில்லையே என்று வியப்பவர், சூரியனின் வெவ்வேறு வயதுகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

அடுத்து, தூரம். ‘துருவத்துக்கு மேலே பறந்தது’ என்றதும் சூரியனை உரசிக்கொண்டு போனதாக ஒரு சித்திரம் மனதில் எழும். நடந்தது நேர்மாறு. 1994இல் தென் துருவத்துக்கு மேலே இருந்தபோது யுலிசிஸ் சூரியனிலிருந்து 2.3 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தூரம் ஓர் அலகு), அதாவது ஏறத்தாழ 34 கோடி கி.மீ. தள்ளி இருந்தது. பூமி இருப்பதோ 15 கோடி கி.மீ. தொலைவில். அந்தக் கலம் சூரியனை மிக நெருங்கியது 1995 மார்ச்சில், நடுக்கோட்டைக் கடந்தபோது. அப்போதும் 20 கோடி கி.மீ. தூரம் இருந்தது.

ஏன் இப்படி? பூமியிலிருந்து ஏவப்படும் எதுவும் பூமியின் ஓட்டத்தையும், நொடிக்கு 30 கி.மீ., கூடவே சுமந்துதான் கிளம்புகிறது. அந்த வேகத்தைத் திருப்பிச் செங்குத்தாக்க நம் ராக்கெட்டுகளுக்குச் சக்தி போதாது. அதனால் 1990 அக்டோபர் 6ஆம் தேதி டிஸ்கவரி விண்ணோடத்தில் கிளம்பிய யுலிசிஸ், முதலில் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாக வியாழனுக்குப் போனது. 1992 பிப்ரவரி 8 அன்று வியாழனின் ஈர்ப்பு அதை வளைத்து, கோள்கள் சுற்றும் தளத்திலிருந்து வெளியே எறிந்தது. அதனால்தான் சுற்றுப்பாதையின் ஒரு முனை எப்போதும் வியாழன் தூரத்திலேயே இருந்தது.

இந்தத் தூரக் கணக்கை மறந்தால் அடர்த்தி எண்கள் அத்தனையும் தப்பாகிவிடும். காற்றின் வேகம் தூரத்தோடு பெரிதாக மாறாது. அடர்த்தியோ தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறைந்துகொண்டே போகும். 2.3 அலகு தூரத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு அரை புரோட்டான் என்று கருவி காட்டுவதாக வைத்துக்கொள்வோம். பூமியருகே உள்ள அளவோடு அதை அப்படியே ஒப்பிட்டால், துருவக் காற்றில் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். 2.3ஐ 2.3ஆல் பெருக்கினால் 5.3. அதை அரையோடு பெருக்கினால் 2.6க்கு மேல். இதுதான் ஒப்பிடத் தகுந்த எண். துருவக் காற்று அப்போதும் நடுக்கோட்டுக் காற்றைவிட நீர்த்ததுதான், ஆனால் முதலில் தோன்றிய அளவுக்கு அல்ல. தரவை எடுத்தவுடன் இந்த ஒரு பெருக்கலைச் செய்துவிட்டே அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

‘துருவங்களில் வேகக் காற்று வீசும்’ என்று பாடக்குறிப்புகளில் ஒரு வரி வரும். அது 1994–95க்குச் சரி. அது சூரியன் அடங்கியிருந்த காலம். துருவங்களை மூடியபடி பெரிய கொரோனா துளைகள், அதாவது சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவில் வேகக் காற்று வெளியேறும் பகுதிகள், இருந்தன. யுலிசிஸ் இரண்டாம் முறை 2000இல் தெற்கே போனபோது சூரியன் தன் செயல்பாட்டின் உச்சத்தில் இருந்தது. மெதுவான காற்றும் வேகமான காற்றும் கலந்து வந்தன, துருவம் என்று தனியாக ஒன்றும் அடையாளம் தெரியவில்லை. 2001 பிற்பகுதியில் வடக்கே ஏறும்போது வேகக் காற்று திரும்பிவிட்டிருந்தது, காந்தத் திசை புரண்டபடி. அந்த வரிக்குப் பக்கத்தில் ஆண்டு இல்லையென்றால் அது பாதி உண்மைதான்.

2007–08இல் மூன்றாம் முறை போனபோது மீண்டும் அமைதிக் காலம். இங்கே ஒரு நுட்பமான தவறு காத்திருக்கிறது. வேகத்தை மட்டும் பார்த்தால் முதல் சுற்றைவிட 3 சதவீதம்தான் குறைவு, ‘மாற்றம் இல்லை’ என்று எழுதிவிடத் தோன்றும். அடர்த்தி 17 சதவீதம் குறைந்திருந்தது. இரண்டும் சேர்ந்து காற்றின் அழுத்தத்தை 22 சதவீதம் இறக்கியிருந்தன. சூரிய மண்டலத்தைச் சுற்றியுள்ள குமிழை ஊதி வைத்திருப்பது இந்த அழுத்தம்தான். வேகம் கண்ணைக் கவரும் எண், ஆனால் அந்த ஆண்டுகளின் சேதி அதில் இல்லை.

வேகம் அதிகம் என்றால் கிளம்பிய இடம் சூடாக இருந்திருக்கும் என்பதும் பலர் செய்யும் ஊகம். யுலிசிஸ் அளந்த ஆக்சிஜன் இதை மறுக்கிறது. ஆறு எலெக்ட்ரான் இழந்த ஆக்சிஜனும் ஏழு இழந்த ஆக்சிஜனும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்பது, அது கொரோனாவை விட்டுக் கிளம்பிய இடத்தின் எலெக்ட்ரான் சூட்டைப் பொறுத்தது. சற்று தூரம் வந்ததும் எலெக்ட்ரான்கள் அருகி, அந்த விகிதம் அப்படியே உறைந்துவிடும். பல கோடி கி.மீ. கடந்து வந்து கருவிக்குள் விழும் அணு, தன் பிறப்பிடத்தின் வெப்பத்தை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த அளவீடு இது. ஏழு இழந்தவை துருவக் காற்றில் குறைவு. வேகக் காற்று பிறக்கும் இடம்தான் குளிர்ச்சி. ஆனால் வழியில் அளக்கும்போது அதே வேகக் காற்றின் புரோட்டான்கள் மெதுவான காற்றில் உள்ளவற்றைவிடச் சூடாக இருக்கும். ஆகவே ‘வெப்பநிலை’ என்று மொட்டையாக எழுதக் கூடாது. எதன் வெப்பநிலை, எங்கே என்று சொல்ல வேண்டும்.

காந்தப்புலத்திலும் இதே போல ஓர் ஊகம். சட்டக் காந்தத்தைப் போலத் துருவத்துக்கு மேலே புலம் செறிவாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆரத் திசையில், அதாவது சூரியனையும் கலத்தையும் இணைக்கும் கோட்டில், உள்ள புலத்தைத் தூரக் கணக்குக்குச் சரிசெய்து பார்த்தபோது, அது துருவத்திலும் நடுக்கோட்டருகிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. சூரியனுக்கு அருகிலேயே புலத்தின் அழுத்தம் பக்கவாட்டில் தள்ளித் தன்னைச் சமன் செய்துகொள்கிறது.

யுலிசிஸ்தான் முதலில் கண்டுபிடித்தது என்று எழுதுவதும் முழுச் சரி அல்ல. தொலைவிலுள்ள வானொலி மூலங்கள் சூரியக் காற்றின் ஊடே மினுமினுப்பதை வைத்து, உயர் பாகைகளில் காற்று வேகமாக வீசுகிறது என்று 1970களிலேயே கணித்திருந்தார்கள். ஊட்டி முத்தோரையில் மலைச்சரிவின் மேல் 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் வானொலித் தொலைநோக்கியும் இந்த மினுமினுப்பைப் பல பத்தாண்டுகளாக அளந்து வந்திருக்கிறது. யுலிசிஸ் செய்தது, நேரில் போய்த் தொட்டு அளந்தது.

படம் தேடுபவர்களுக்கு ஒன்று: யுலிசிஸில் கேமரா கிடையாது. அந்தப் பெயரோடு உலவும் துருவப் படம் எதுவும் அது எடுத்ததல்ல. 2025 ஜூனில் வெளியான தென் துருவப் படங்கள் சோலார் ஆர்பிட்டர் என்ற விண்கலம் எடுத்தவை. அதுவும் துருவத்துக்கு மேலே போய் அல்ல, சூரிய நடுக்கோட்டுக்கு 17 பாகை கீழே நின்று சாய்வாகப் பார்த்தது. பூமியிலிருந்து நமக்குக் கிடைக்கும் சாய்வு 7 பாகைக்குச் சற்று மேல்தான் என்பதால் இதுவே பெரிய முன்னேற்றம். இந்தியாவின் சூரிய ஆய்வுக் கலமான ஆதித்யா எல்1 பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தூரத்தில், கோள்களின் தளத்திலேயே இருக்கிறது. நாசாவின் பார்க்கர் விண்கலம் சூரியனை 61 லட்சம் கி.மீ. வரை நெருங்கியது, ஆனால் அதன் பாதையும் அந்தத் தளத்தை ஒட்டியதே. இவற்றின் அளவீடுகளைத் துருவக் காற்றின் அளவீடாக எழுதக் கூடாது.

2009 ஜூன் 30 அன்று யுலிசிஸின் பணி முடிந்தது. அதற்குப் பிறகு எந்தக் கலமும் 80 பாகைக்கு ஏறவில்லை. துருவத்துக்கு மேலே நின்று அளந்தது என்று நம்மிடம் இருப்பது மூன்று சுற்றுகளில் ஆறே ஆறு கடப்புகள். சோலார் ஆர்பிட்டர் வெள்ளியின் உதவியோடு பாதையைச் சாய்த்துக்கொண்டே போய், 2029இல் 33 பாகையை எட்டத் திட்டமிட்டிருக்கிறார்கள்.